பதினோரு கிஸ்மிஸும் ஒரு ராஜபாளையம் குட்டியும்

என் வீட்டுக்காரர் சேகருக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை. எனக்கு நாய் என்றால் பயம். கல்யாணமாகி இருபது வருஷம் அவர் கேட்பதும் நான் மறுப்பதுமாகவே ஓடிப்போனது. போன ஜூனில் மகள் கல்லூரி விடுதிக்குப் போனாள். அதற்கப்புறம் இவர் வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டுவிட்டு, டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பார்த்துப் பார்த்து என் மனசு கேட்கவில்லை. ஒருநாள் நானே வாயைக் கொடுத்தேன்: "சரி, ஒரு குட்டி வாங்கிக்கலாம்." மறுநாள் மத்தியானத்துக்குள் மனுஷர் ராஜபாளையத்தில் மூன்று பேரிடம் பேசி, ஒரு குட்டிக்கு முன்பணமும் அனுப்பிவிட்டார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

ஊர் சுற்றிய கதையாகத்தான் இதை எழுத நினைத்திருந்தேன். பால்கோவா, மலை அணில் என்று தலைப்பெல்லாம்கூடக் குறித்து வைத்திருந்தேன். அதெல்லாம் நடக்கவில்லை. குட்டி வாங்க அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பள்ளிக்கூட நூலகர். நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் ஒரு துணுக்கு எழுதிப் போடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். வாழைப்பழம் தாவரவியல்படி ஒரு பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி அப்படி இல்லை. வாம்பாட் என்ற விலங்கு கனசதுரக் கட்டியாகக் கழியும். (இதற்குத்தான் பிள்ளைகளிடம் ஏகப்பட்ட வரவேற்பு.) மிருகம், சாப்பாடு இரண்டைப் பற்றியும் எது கேட்டாலும் சொல்வேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் காலை 5.30க்குக் கிளம்பினோம். மதுரை, திருமங்கலம், கிருஷ்ணன்கோவில் வழியாக ராஜபாளையம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். திருமங்கலத்தில் டீ, வடை. 9 மணிக்குச் செட்டியார்பட்டிப் பக்கம் குட்டி வைத்திருந்த பெருமாள் அண்ணன் வீட்டை அடைந்தோம். ஐம்பது வயதிருக்கும். தென்னந்தோப்புக்காரர், நாய் வளர்ப்பு அப்பா காலத்திலிருந்தே உண்டாம்.

"வாங்க வாங்க. எம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டு இருக்கோம்!" என்றார். பின்னாலேயே ஐந்து குட்டிகள். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் உட்காரவில்லை. எனக்கு ஒரு கவலை. இப்படித் தூய வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூட்டத்தோடு இருக்கும்வரை அது தெரியவும் தெரியாது, மற்ற குட்டிகள் திரும்பினால் இதுவும் திரும்பிவிடும். அதனால் குட்டியைத் தனியாகத் தூக்கிப்போய்ச் சோதித்துக் காட்டச் சொன்னேன்.

"தங்கச்சி வெவரமாத்தான் வந்திருக்காவ," என்று சிரித்துக்கொண்டே எங்கள் குட்டியைத் தோப்போரம் விட்டு, முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். குட்டி சட்டென்று திரும்பித் தலையைச் சாய்த்தது. எனக்குப் போதவில்லை. மறுபடியும் ஆட்டச் சொன்னேன். மூன்றாம் தடவை குட்டி அலுத்துப்போய் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது.

இரண்டு மாதக் குட்டி. எடை நாலரைக் கிலோ. விலை பன்னிரண்டாயிரம், முதல் தடுப்பூசி போட்ட சீட்டோடு. கிளம்பும்போது அண்ணனின் மனைவி செல்லத்தாய் ஒரு டப்பாவும் ஒரு தூக்குவாளியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"மதினி, இந்த டப்பா குட்டிக்கு, கேப்பைக் கூழு. இந்தத் தூக்கு ஒங்களுக்கு, சக்கரைப் பொங்கலு. மாத்திப்புடாதீய."

"எனக்கா சொல்றீங்க?" என்றேன் நான். இதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

10.05க்குக் கார் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். தாயை விட்டு வந்த குட்டி முனகிக்கொண்டே இருந்தது. மடியில் துண்டு விரித்துப் போட்டுக்கொண்டேன். இருபது வருஷம் வேண்டாம் என்றவள், பத்தே நிமிஷத்தில் கவிழ்ந்தேன். பசித்ததால் பொங்கலைத் திறந்தேன். நெய்யும் முந்திரியும் கிஸ்மிஸும் தாராளமாகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கிஸ்மிஸ் பிடிக்காது. பொறுக்கி எடுத்து இவர் இலையில் வைத்துவிடுவதுதான் வழக்கம். இவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். குட்டி என் விரலை மோந்தது.

"பூனைக்கு இனிப்புன்னா என்னன்னே தெரியாது. நாக்கில் அந்த வசதியே கிடையாது. நாய்க்குத் தெரியும், பாருங்க," என்று சொல்லி, ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே ஒரு கிஸ்மிஸைக் கொடுத்தேன். குட்டி முனகலை நிறுத்திவிட்டு வாலை ஆட்டியது. அடுத்தது கொடுத்தேன். அதற்கடுத்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே கொடுத்தேன்.

"இருபது வருஷமா எனக்கு வந்துக்கிட்டிருந்த கிஸ்மிஸ். இனிமே அவனுக்கா?" என்று இவர் சிரித்தார். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு கொடுத்தேன்.

10.50க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் நிறுத்தினோம். உள்ளே விறகடுப்பில் அகலமான வாணலி. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது என்றார் கடைக்காரர் மாரியப்பன். பத்து லிட்டர் பாலைக் கிண்டினால் மூன்று கிலோவுக்குச் சற்றுமேல் தேறுமாம். சூட்டோடு ஒரு துண்டு இலையில் கொடுத்தார். மணல் மணலாக, நாக்கில் பட்டதும் கரைந்தது. அரைக் கிலோ 200 ரூபாய்.

மாரியப்பனுக்குக் குட்டியைப் பார்த்ததும் ஆசை. "செத்தோண்டு குட்டிக்குக் குடுக்கட்டுமாக்கா?"

எனக்குள்ளிருந்த நூலகர் விழித்துக்கொண்டாள். "ஐயோ, கூடாது! நம்ம சாப்பாட்டுல நாய்க்கு ஆகாதது நிறைய இருக்குண்ணே. இவ்வளவு சீனி கூடாது. சாக்லேட் விஷம். வெங்காயம் ரத்தத்தைக் கெடுத்துடும். திராட்சை கிட்னியையே..."

கையிலிருந்த குட்டியைக் குனிந்து பார்த்தேன்.

நானே மஞ்சள் சாக்பீஸால் எழுதிப்போட்ட துணுக்கு அது. 'திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எவ்வளவு என்று கணக்கே கிடையாது.' எழுதினேன், கையைத் தட்டினேன், மறந்தேன். அது பலகையில் இருந்த திராட்சை. இது பொங்கலில் இருந்த கிஸ்மிஸ். இரண்டும் ஒன்று என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

இவர் என்னைப் பார்த்தார். "எத்தனை குடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அதே கேள்வியை அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாரியப்பன் கல்லாவைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார். "அண்ணாச்சி, என் பின்னாடியே வாங்க. டாக்டரம்மா கிளினிக்கு பக்கந்தான்," என்றார். ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். பால்கோவாவுக்குக் காசு கொடுக்கவில்லை என்பது மறுநாள்தான் நினைவு வந்தது, அவரும் கேட்கவில்லை. போய்க் கொடுத்தோம்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். "எப்ப சாப்பிட்டான்? எத்தனை?" என்றார். வீடியோவைக் காட்டினேன். என் குரலே எண்ணிச் சொன்னது. "...பத்து, பதினொண்ணு. சமத்து!" எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. வீடியோவில் நேரம் 10.22. கிளினிக் கடிகாரத்தில் 11.05.

"முக்கால் மணி நேரந்தான் ஆச்சு. நல்லவேளை," என்று வாந்தி வரவைக்கும் ஊசி போட்டார். சில நிமிஷத்தில் குட்டி தள்ளாடி, தினத்தாள் மேல் கக்கியது. மூன்று பேரும் குனிந்து, குச்சியால் கிளறி எண்ணினோம். ஒன்பது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஒன்பதுதான்.

"மிச்சம் ரெண்டு?" என்றேன்.

"உள்ள இருக்கலாம், மென்னு கரைஞ்சிருக்கலாம். ஒரு நாய் கைநிறையத் தின்னுட்டுச் சும்மா இருக்கும், இன்னொண்ணு கொஞ்சத்துலயே படுத்துடும். முன்கூட்டிச் சொல்ல முடியாதுங்க." பழத்தில் இருக்கும் ஒரு வகைப் புளிப்பு அமிலத்தைத்தான் இப்போது காரணமாகச் சந்தேகப்படுகிறார்களாம். "அதே அமிலம் புளியிலயும் இருக்கு. புளிச்சோறும் போட்டுடாதீங்க."

வேறொரு நாளாயிருந்தால் துள்ளிக் குதித்துக் குறித்துக்கொண்டிருப்பேன். பக்கத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலை அணில், வாலோடு இரண்டடிக்கு மேல் இருக்கும் பிராணி, புளியங்காயைச் சுகமாகக் கடித்துத் தின்கிறது. அதைப் பார்க்கத்தான் அன்று மத்தியானம் போவதாக இருந்தோம்.

2.30 வரை சலைன் ஏறியது. டாக்டர் சொன்னது இதுதான்: "ஒண்ணுக்குப் போறானா, அதுதான் கணக்கு. போனா கிட்னி வேலை செய்யுதுன்னு ஒரு தைரியம். சாயங்காலம் ஆறுக்குள்ள போகலைன்னா யோசிக்காம மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. போனா, காலைல வாங்க, ரத்தம் பாக்கலாம்."

பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம், 1,400 ரூபாய். குட்டி கட்டிலில் ஏறக் கூடாது என்றார் மேனேஜர். ஏறும் தெம்பு அதற்கு இல்லை. இவர் தரையில் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அதன் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"என்னைத் திட்டிடுங்க," என்றேன்.

"திட்டுனா அந்த ரெண்டும் வெளிய வந்துருமா?"

நாலு மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவோரம் போனேன். குழந்தைக்குச் சொல்வது போல "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று குத்தவைத்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். வேப்பமரம், மின்கம்பம், ஒரு லாரியின் டயர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த வழியாகப் போன ஒரு அம்மா நின்று, கூட வந்தவளிடம், "ஏட்டி, அங்க பாரு, நாய்க்குப் போயி உஸ்ஸு சொல்லுதாவ!" என்று சிரித்தார். நான் அழுகிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பை விட்டுவிட்டு, "போயிரும்மா, கவலப்படாதீய," என்றார். குட்டி மண்ணை மோந்து பார்த்துவிட்டு என் காலடியில் சுருண்டுகொண்டது.

அறைக்கு வந்து, சும்மா உட்கார முடியாமல் இந்தப் பதிவுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். அப்படியே தருகிறேன். பெட்ரோல் போக வர 2,100. மருத்துவச் செலவு 2,350. குட்டியைத் தனியாகத் தூக்கிப்போய்க் காது சோதித்துவிட்டு வாங்குங்கள். வளர்த்தவர்கள் கொடுக்கும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் வழியில் கொடுக்காதீர்கள். சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம், கேக் எல்லாவற்றிலும் கிஸ்மிஸ் இருக்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். எப்போது, எத்தனை என்று உண்மையைச் சொல்லுங்கள், வெட்கம் பார்க்காதீர்கள். மலை அணில் பார்க்கப் போகிறவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

5.20. அப்போதும் இல்லை. ஆறு வரை காத்திருக்க வேண்டாம், மதுரைக்கே போய்விடலாம் என்றார் இவர். நான் சாவியைக் கொடுக்கக் கீழே போனேன். இவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்தார். மேனேஜர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"ஜெயந்தி."

மெல்லிய குரல். திரும்பிப் பார்க்கவே பயந்தேன். மறுபடியும் "ஜெயந்தி, இங்க வா" என்றார்.

வெள்ளை வேட்டியில் தொடைப் பக்கம் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து தரையில் சொட்டியது. இவர் சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் துண்டோடு ஓடினேன்.

"தொடாதே. முழுசாப் போகட்டும்," என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

நான் டாக்டருக்குப் போன் போட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டான் டாக்டர், நிறையப் போயிட்டான்!" என்று லாட்ஜே அதிரக் கத்தினேன். மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு, பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாளி எடுத்துவரப் போனார். அன்று அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் எடுத்ததும் சரி.

நாய் வளர்க்கிற வீடுகளில் ஈரத்தைப் பார்த்துக் கத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் கத்தவில்லை. காலையில் கூடத்து மிதியடி நனைந்திருந்தால், "ஜெயந்தி, போயிருக்கான்!" என்று இவர் சந்தோஷமாகக் கூப்பிடுகிறார். நான் எண்ணெய்க் கையோடு அடுப்படியிலிருந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.