புருவத்துக்குக் குடித்த அமுதம்

எனக்குப் புருவம் கிடையாது. அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துக்கு ஏழெட்டு மயிர், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி தனித்தனியாக நிற்கும். அருப்புக்கோட்டைக்கு என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டத்தாரும், முகத்தில் என்னமோ குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பணியாரத்தை மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை. மூன்றாவதாகக் காரியாபட்டியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதுவும் தட்டிப்போனால் தங்கச்சிக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம் என்றாள் அம்மா.

எதிர்வீட்டு நெசவுக்கார அக்காவுக்கு இரண்டு பேருக்குப் பங்கு வைக்கலாம் போலப் புருவம். அவர்களுக்கு வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். அம்மா வெட்கத்தை விட்டுப் போய் ரகசியம் கேட்டாள்.

"வேறொண்ணுமில்ல அத்தே, சின்னதுலருந்து ஆமுதம்தான்" என்றிருக்கிறார் அக்கா.

அம்மா காதில் அது அமுதம் என்று விழுந்தது. அமுதத்தைத் தேவர்கள் குடித்ததாகத்தான் கேள்வி. பூசிக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. அதனால் அதை எப்படி உபயோகிப்பது என்று கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. கொஞ்சம் வேண்டும் என்று சொல்லி, மரியாதைக்கு எங்கள் பருத்திக்காட்டு வரப்பில் விளைந்த ஆமணக்கு முத்தை ஒரு நார்ப்பெட்டி நிறையக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அக்கா அந்த முத்தையே வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதந்த எண்ணெயை வழித்தெடுத்து, வெட்டிவேர் போட்டுக் காய்ச்சி அனுப்பினார். உலகச் சண்டை நடந்து மண்ணெண்ணெய் அருமையாகிப்போன காலம். அதே எண்ணெயைத்தான் நாங்கள் விளக்குக்கு ஊற்றினோம், வண்டி அச்சுக்குப் போட்டோம், பேதிக்கும் குடித்தோம். வெட்டிவேர் வாசம் எங்கள் மூக்கை ஏமாற்றிவிட்டது. அமுதமல்லவா, மத்தியானத்துக்குள் முளைத்துவிடும் என்று பெண் பார்க்கும் அன்று காலையில் அரைச் செம்பு குடித்தேன். வழவழவென்று இறங்கும்போதே நாக்குக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி எதிரில் நின்றாள். துப்ப மனம் வரவில்லை.

காரியாபட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது நான் நாலாவது தடவையாகக் கொல்லையில் இருந்தேன். எனக்குத் தலைசீவ வந்த எதிர்வீட்டு அக்கா சங்கதியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தெலுங்கில் ஆமுதம் என்றால் விளக்கெண்ணெயாம். புருவத்தில் ஒரு சொட்டுத் தேய்க்கவேண்டியதாம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அவரைக் கடித்துவைக்கலாம் போலிருந்தது.

சபையில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா அதை அடக்கம் என்று மெச்சினார். கால் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன், திரும்பாமல் அப்படியே கொல்லைக்கு நடந்தேன். பணியாரம் தின்ற கையைக் கழுவப் போன மாப்பிள்ளை கொல்லை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நேருக்கு நேர் அவர் முகத்தைப் பார்த்து, "வழிய விடுங்க" என்றேன். விலகினார். இனி எனக்குக் கல்யாணமில்லை என்று கொல்லையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்தது. தேடி வந்த வீடு இதுதானா என்று அப்பா அவரிடம் இரண்டு தடவை கேட்டார்.

கல்யாணமாகி மூன்று மாதம் முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே கேட்டுவிட்டேன்: "எனக்குப் புருவம் இல்லையே, பாத்தீகளா?"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்கே பாத்தேன். அதுக்கென்ன இப்ப?" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அத்தனை வருஷம் கண்ணாடி முன்னால் நின்ற எனக்கு 'அதுக்கென்ன' என்ற அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.