வீட்டுல எத்தனை பேர்?

பூட்டின வீட்டைத் திறந்து காட்டுவதுதான் என் வேலை; அதில் கஷ்டமே வாயைத் திறப்பதுதான்.

பெசன்ட் நகரில் எட்டு வீடு உள்ள ஒரு கட்டடம். சொந்தக்காரர் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு மாமி. வீடு காலியானால் சாவி என்னிடம் வரும். பார்க்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம். நான் ஐந்தாவதோடு நின்றவள், கூச்சக்காரி. வாடகைக்கு வீடு தேடி அலைந்த உங்களுக்குப் பதில் சொல்லக் கூசியிருக்கும். கேட்கிறவளுக்கும் கூசும்.

மாசம் எவ்வளவு?

முதல் முதலில் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், மாசம் எவ்வளவு வரும்?" என்றேன்.

அவர் திரும்பி, "அதை நான்தாம்மா உங்களைக் கேக்கணும். போர் தண்ணியா, லாரித் தண்ணியா?" என்றார்.

விருந்தாளிகள்

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் காசு தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு அம்மா "மூணு பேர்"னு சொல்லிக் குடிவந்தார். சாமான் இறங்கியபோது கூடவே மாமியார், நாத்தனார், நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள். கேட்டால், "அவங்க விருந்தாளிங்கம்மா" என்றார். எப்போது கிளம்புவார்கள்? "பசங்க காலேஜ் முடிக்கட்டும்."

போனில் மாமிக்குச் சொன்னேன். "இனிமே அவா சொல்றதைக் கேக்காதே. வாசல்ல இருக்கற செருப்பை எண்ணு" என்றார்.

நாலாவது தலை

அந்த மாசமே எங்கள் சொந்தப் பாடு வந்தது. ஊரூர் குப்பத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறையை இடித்து மாடி கட்டப் போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி செய்யணும். என் வீட்டுக்காரருக்குக் கிண்டியில் லோடு ஆட்டோ. ஓடினால்தான் காசு. பக்கத்தில் எந்த அறை வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வயிற்றில் அஞ்சு மாசம் வேறு.

கொட்டிவாக்கத்தில் ஒரு வீடு அமைகிற மாதிரி இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நான் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "மூணு பேர்" என்றேன். என் மகள் விரலை நீட்டி, "நாலு! பாப்பா உள்ள தூங்குது" என்றாள்.

அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "மூணு பேருக்கே மோட்டார் இழுத்துக்கினு கீது, இதுல அது வேற குளிக்கணுமா?" என்றார்.

மாடி அறை

மாசம் முடிய நாலு நாள். மாமியின் கட்டடத்தில் மொட்டை மாடி அறை சும்மா கிடந்தது. சாவியும் என் இடுப்பில்தான். ஆனால் கேட்கணுமே! போன் போட்டுவிட்டு, வார்த்தை வராமல் மூச்சுதான் விட்டேன். "யாரு? சொல்லித் தொலையேன்டி" என்றார். சொன்னேன்.

"எத்தனை பேர்?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "மூணு பேர் மாமி... ஐப்பசில நாலு."

"ஆம்படையானுக்கு என்ன சம்பளம்?"

"ஓடுற அன்னைக்கு உண்டு மாமி."

மாமி சொன்னார்: "இப்போ அங்கே குடுக்கற வாடகையையே இங்கேயும் குடு. செருப்புப் போடற வரைக்கும் அது தலைக் கணக்குல வராது."

சின்னவனுக்கு இப்போது ஒன்றரை வயசு, மாடியெல்லாம் ஓடுகிறான். செருப்பு மட்டும் நான் இன்னும் வாங்கவில்லை.