தூக்குமரத்தின் முதல் வெட்டு

எல்சன்பர்க் ஊரில் தச்சன் ஓர்ட்வின் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பாடைக்குத் தோள் கொடுத்தான்.

பாடையில் கிடந்தவள் தூக்குக்காரன் எக்கார்டின் மனைவி. தூக்குக்காரன் வீட்டுச் சாவுக்கு எங்கள் ஊரில் யாரும் போகமாட்டார்கள். அவனைத் தொட்டால் தீட்டு, அவன் குடித்த குவளையில் குடித்தால் தீட்டு. அவன் கயிறு மாட்டும் நாளில் மட்டும் பிள்ளைகுட்டிகளோடு போய் முன்வரிசைக்கு முண்டியடிக்கலாம், அதில் தீட்டு ஒட்டாது. அன்றைக்கு எக்கார்ட், செத்த குதிரைகளைத் தோலுரிக்கும் அவன் மைத்துனன், சாக்கடை அள்ளும் ஒரு கிழவன், ஆக மூன்று பேர்தான் பாடையைத் தூக்கி வந்தார்கள். பனி உறைந்த ஆற்றங்கரைச் சரிவில் ஆளில்லாத நாலாவது மூலை தொங்கிப்போய் பிணம் நழுவத் தொடங்கியது. எதிரே ஏணியோடு வந்த ஓர்ட்வின் ஏணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கினான். சரிவு முடிந்ததும் விலகியிருக்கலாம். பாதி வழியில் விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டம் வரை போனான்.

அந்த வாரமே தச்சர் சங்கம் கூடி அவனை விலக்கி வைத்தது. சங்கத்தில் இல்லாதவன் ஊர் மதிலுக்குள் உளி பிடிக்கக் கூடாது. சங்க வீட்டு அலமாரியில் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் மூடி போட்ட பீர்க் குவளை ஒன்று இருக்கும், அடியில் அவரவர் குறி சுட்டிருக்கும். மூடியில்லாத குவளை தூக்குக்காரனுக்கு. மதுக்கடையில் வாசலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவன் அதில்தான் குடிக்க வேண்டும். ஓர்ட்வின் அடுத்த முறை மதுக்கடைக்குப் போனபோது அவன் முன்னாலும் மூடியில்லாத குவளைதான் வந்து நின்றது. குடிக்காமல் எழுந்து வந்தவன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அவன் மனைவி கெர்லிண்ட் ஊரார் துணியை ஆற்றில் வெளுத்து வீட்டை ஓட்டினாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கஞ்சி ஊற்றும்போதெல்லாம் அந்தப் பாடையை இழுத்து வைப்பாள்.

“ஊர்ல இத்தனை தச்சனுங்க இருக்கானுங்க. எவனுக்கும் இல்லாத தோளு உங்களுக்கு மட்டும் எங்கேருந்துங்க முளைச்சுது?”

“விழுந்துடும்போல இருந்துச்சு.”

“விழட்டுமே. செத்தவளுக்கு வலிக்கவா போவுது? இப்ப வலிக்கிறதெல்லாம் எனக்குத்தான்.”

அவன் உளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மதிலுக்கு வெளியே குடியானவர்களுக்குப் பன்றித் தொட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். மாதா கோயில் கூரைக்கு உத்தரம் ஏற்றிய கை அது. பன்றிக்கும் பசிக்கும்தானே என்று அவன் சிரித்துச் சொல்வான், அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது.

நாலு வருஷம் இப்படிப் போனது. ஒரு இலையுதிர் காலத்தில் அடித்த புயலில் குன்றின்மேல் இருந்த பழைய தூக்குமரம் சாய்ந்தது. கோபுரச் சிறையில் குதிரை திருடியவன் ஒருவன் காத்திருந்தான். புதுத் தூக்குமரம் உடனே வேண்டும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தூக்குமரத்தைத் தனியாகத் தொட்ட தச்சனும் தூக்குக்காரனும் ஒன்று. அதனால் மேளம் கொட்டி, கொடி பிடித்து, அத்தனை தச்சர்களும் சேர்ந்து போவார்கள். முதல் வெட்டை மேயர் வெட்டுவார். பிறகு ஒருவர் விடாமல் எல்லோரும் ஆளுக்கொரு வெட்டு. எல்லோர் கையும் பட்டுவிட்டால் யாரும் யாரையும் பழிக்க முடியாது. ஆனால் அப்போது சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைப்பந்தல் வேலை எல்லோருக்கும் தலைக்குமேல் கிடந்தது.

சங்கத் தலைவர் ரூப்ரெக்ட் ஓர்ட்வின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“ஏம்ப்பா ஓர்ட்வின், சும்மாதான இருக்கே? அந்த மரத்தை நீ ஒருத்தனே நிறுத்திக் குடுத்துடேன்.”

“தீட்டுப்பட்டவனுக்குத்தான் தீட்டு வேலையா அண்ணே?”

“சேச்சே. முடிச்சுக் குடு, மார்ட்டின் திருநாள் விருந்துல உன்னைத் திரும்பச் சேத்துக்கறோம். உன் குவளை இன்னும் அலமாரியிலதான்ப்பா இருக்கு. நான் யாரையும் தொட விடல.”

குவளை என்றதும் ஓர்ட்வின் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டான். ஆனாலும் அவன் முட்டாள் இல்லை.

“மேயர் வரணும். முதல் வெட்டு அவரு வெட்டணும். அவரு கை படாம நான் மரத்தைத் தொட மாட்டேன்.”

“அதுக்கென்ன, காலையிலயே வருவாரு” என்றார் ரூப்ரெக்ட்.

அவர் தலை மறைந்ததும் கெர்லிண்ட் சொன்னாள். “அந்த ஆளு நம்ம வாசப்படியக்கூட மிதிக்கல, பாத்தீங்களா? நம்பிப் போறீங்களே.”

“மேயர் வந்தாத்தான் தொடுவேன்னு சொல்லிட்டேன்ல?”

“சொன்னீங்க. வர்ற வரைக்கும் கைய மடியில கட்டிக்கிட்டு உக்காருங்க. மரத்தைக் கண்டா உங்களுக்குப் புத்தி நிக்காது.”

அவள் சொன்னதுதான் நடந்தது. விடிந்ததும் ஓர்ட்வின் குன்றுக்கு ஏறினான். வண்டியில் கொண்டுவந்து இறக்கிய ஓக் மரங்கள் ஈரத்தோடு கிடந்தன. சற்றுத் தள்ளி எக்கார்ட் கயிற்றோடு காத்திருந்தான். மேயரைக் காணோம். வெயில் ஏறிய பிறகு மதில் காவலன் ஒருவன் வந்து, மேயர் வீட்டில் வெளியூர் விருந்தாளிகள், சாப்பிட்டுவிட்டு வருவார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலு வருஷமாக ஓர்ட்வின் நல்ல ஓக் மரத்தைத் தொட்டதில்லை. சும்மா தடவிப் பார்த்தான். ரேகை ஓட்டம் நேராக இருந்தது, ஒரு முடிச்சுகூட இல்லை. கரித்துண்டால் ஒரு கோடு போட்டால் தப்பில்லை என்று போட்டான். கோடு போட்ட இடத்தில் கோடாலியை வைத்துப் பார்த்தான்.

“மேஸ்திரி, வேணாம்” என்றான் எக்கார்ட். “அவரு வரட்டும்.”

“வருவாருப்பா. அதுக்குள்ள பொழுது போயிடும்.”

முதல் வெட்டு விழுந்ததும் சிராய் பறந்து வந்து அவன் மார்பில் பட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு மேயர் ஞாபகமே இல்லை, சங்க ஞாபகமும் இல்லை. நாலு வருஷப் பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற மாதிரி வேலை செய்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வருகிறது. பொறுத்திருக்கலாம், படுபாவி. ஆனால் தொழில் தெரிந்தவனின் கையைக் கட்டிப்போட்டவர்களை விட்டுவிட்டு அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிற்பகலில் மேயர் குதிரையில் வந்தார். கம்பங்கள் இரண்டும் தயாராகிப் பொருத்தும் முடிந்திருந்தது. இறங்காமலே கொட்டாப்புளியை வாங்கிக் கடைசி முளையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “நல்ல வேலை” என்று சொல்லித் திரும்பிப் போனார்.

மார்ட்டின் திருநாளுக்கு வாத்து வறுத்த வாசனை சங்க வீட்டுத் தெரு முழுக்க வந்தது. கெர்லிண்ட் கோட்டைத் தைத்து, சுருக்கம் போக நீவிவிட்டு அனுப்பினாள். அவன் உள்ளே நுழைந்ததும் முதலில் அலமாரியைத்தான் பார்த்தான். அவன் குவளை அங்கே இல்லை. ரூப்ரெக்டின் மருமகன் அதில் குடித்துக்கொண்டிருந்தான்.

ரூப்ரெக்ட் எழுந்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ப்பா. முதல் வெட்டு யாரு வெட்டினது?”

ஓர்ட்வினுக்குப் பொய் வராது. “நான்தான். மேயர் வர நேரமாச்சு அண்ணே. கடைசி முளையை அவருதான் தட்டினாரு.”

“கடைசி முளையா கணக்கு? முதல் வெட்டுதானே. நீயே வாய்விட்டுக் கேட்டே, நான் சரின்னேன். இப்ப முதல் கை உன் கையா போச்சே.”

“நீங்கதான அண்ணே என்னை அனுப்பினீங்க?”

“அனுப்பினேன். வெட்டச் சொன்னேனா?”

யாரோ சிரித்தார்கள். மேயரை ரூப்ரெக்ட் வேண்டுமென்றே தாமதமாக வரச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. விருந்தாளிகள் வந்தது உண்மைதான். ஒரு கல் திட்டமிட்டு விழுந்தாலும் தானாக விழுந்தாலும் மண்டை உடைவது ஒன்றுதான். ஓர்ட்வின் தன் குவளையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தான். அந்த இரவோடு அவன் பன்றித் தொட்டி செய்வதையும் நிறுத்திவிட்டான். அதன்பின் எக்கார்டுக்கு ஏணி பிடித்துக் கூலி வாங்கினான். தூக்குமரத்தைத் தனியாகத் தொட்ட கைக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

சில குளிர்காலங்கள் கழித்து மார்ச்சளி முற்றி ஓர்ட்வின் செத்துப்போனான். தூக்குமரம் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. சங்கத்துக்காரர்களே வெளியூர் ஆட்களிடம் அதைக் காட்டி, எங்கள் ஊர் வேலை என்று பெருமை பேசினார்கள்.

பாடை தூக்க எக்கார்ட் வந்தான், அவன் மைத்துனன் வந்தான், சாக்கடைக் கிழவனின் மகன் வந்தான். பாடை தச்சர் தெருவைக் கடக்கும்போது ரூப்ரெக்டின் பட்டறையில் இழைப்புளிச் சத்தம் நின்றது. கடந்து போனதும் மறுபடி கேட்டது. ஆற்றங்கரைச் சரிவில் நாலாவது மூலை தொங்கத் தொடங்கியது.

பின்னால் வந்த கெர்லிண்ட் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

“வேணாம்மா” என்றான் எக்கார்ட். “பொம்பளைங்க தொடக் கூடாது. ஊர் பேசும்.”

“விழுந்துடும்போல இருக்கு” என்று சொல்லி அவள் தோளைக் கொடுத்தாள்.