தேசிக்காய் நசித்த சில்லுகள்

பிரேக் ஒயிலுக்கு ஒரு மணம் உண்டு. பழைய மீனும் மருந்துக் குப்பியும் சேர்ந்த மாதிரி. மூன்று தரம் சவுக்காரம் போட்டாலும் நகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். சோற்றைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது முதலில் அதுதான் வரும். அந்த நாட்களில் என் கையை நான் என் கையாகவே நினைக்கவில்லை.

புதுக் கார் வாங்குவதெல்லாம் இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு முடிந்த கதை. அதனால் பழையதை நோண்டுகிறோம். வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் கீழே, இரண்டு தூண்களுக்கு நடுவில் மூச்சடக்கி நிற்கும் என் காருக்குப் பெரிய பிரேக் போடுவோமென்று கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவியின் தம்பி வந்தான்.

"கராஜ்காரனுக்கு ஏன் குடுப்பான் அத்தான்? நாலு நட்டு. வீடியோவில எல்லாம் கிடக்கு."

மருதானையில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையில், எங்கள் காரைவிடப் பாரமான ஒரு காரின் முன் பிரேக் கிடைத்தது. சில்லோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்விகள் இரண்டு. காலிப்பர் என்பார்கள். எது இடம், எது வலம் என்று கடைக்காரர் வெள்ளைச் சோக்கால் எழுதித் தந்திருந்தார். நாங்கள் துருப் பிடித்த கறளைச் சுரண்டினோம். சிவப்புப் பெயின்ட் அடித்தோம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பூச்சு. பல்கனியில் உடுப்புக் கொடிக்குக் கீழே காயவைத்தோம். கார்ச் சில்லின் இடைவெளிக்குள்ளால் சிவப்புத் தெரியவேண்டும். கார் நிற்பதைப் பற்றி நாங்கள் கதைத்ததைவிட அந்தச் சிவப்பைப் பற்றிக் கதைத்ததுதான் கூட.

பூட்டி முடித்துப் பெடலை அமத்தினேன். தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு மாதிரி இறங்கியது.

"ராகு காலம் தொடங்கப் போகுது அத்தான். முதல்ல தேசிக்காயை நசிப்பம். மிச்சம் ஓட ஓட செட்டாகும்."

நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய். கற்பூரம் கொளுத்தினோம். கார் ஊர்ந்தது, தேசிக்காய்கள் பிதுங்கின, எலுமிச்சைச் சாறு சீமெந்தில் தெறித்தது. காலால் நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். மைத்துனன் எடுத்த படத்தில் அது தெரியவில்லை. சிவப்புத்தான் தெரிந்தது. படம் குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. ரொறொன்ரோ கைதட்டியது. லண்டன் தீ மூட்டியது. "அத்தானுக்குத் தங்கக் கை" என்று ஒரு மச்சாள் எழுதினாள். இவ்வளவும் வந்த பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று யார் எழுதுவது?

நான் எழுதவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, மனைவி தாயைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள். அவள் ஆஸ்பத்திரித் தாதி. லீவு கிடைக்கிற நாளில் அவள்தான் கார் ஓடுவாள், நான் பக்கத்தில் இருப்பேன்.

"பிரேக் சரிதானே?"

"சரி. புதுசெல்லோ, போகப் போக இறுகும்."

எவ்வளவு லேசாக வந்தது அந்த வசனம். துப்பல் மாதிரி வந்தது. காலி வீதி முழுக்க அவள் பெடலை இரண்டு தரம், மூன்று தரம் மிதித்து மிதித்துத்தான் ஓடினாள். ஒன்றும் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில், கோயில் தாண்டி இறங்குகிற இடத்தில், முன்னால் போன ஒரு த்ரீவீல் திடீரென்று நின்றது. அவள் மிதித்தாள். பெடல் தரையில் போய்ப் படுத்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் இழுபட்டுப் போய், த்ரீவீலின் பின்பக்கத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. அதற்குள் ஒரு தாயும் மடியில் குழந்தையும்.

த்ரீவீல்காரன் இறங்கி வந்தான். இடைவெளியைப் பார்த்தான். குனிந்து சில்லைப் பார்த்தான்.

"பெயின்டு நல்லாத்தான் இருக்கு அக்கா. அப்படியே பிரேக்கையும் போட்டுட்டு வாங்க."

அவன் போன பிறகும் அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"உங்கட கை அவ்வளவு கெதியா எப்பிடிப் போனது?"

ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன்.

"வெள்ளவத்தையில இருந்தே கை அதிலதானே இருந்தது. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்த மணம் அப்போது கையிலிருந்து வரவில்லை. 'சரி' என்ற அந்த வாயிலிருந்து வந்ததென்று சொல்லவும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தாயும் தம்பியும் இருக்கும் வீட்டு ஒழுங்கையில் ஜாக்கை வைத்தோம். ஒயிலுக்குள் காற்று நின்றால் பெடல் இப்படித்தான் பஞ்சாகும். காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். அவள் உள்ளே இருந்து மிதித்தாள், நான் திறந்தேன், பூட்டினேன். அமத்து. பிடி. விடு. ஒரு போத்தல் ஒயில் முடிந்தது. முழங்கைவரை வழிந்தது. பெடல் அதே பாண்தான்.

"இது மாஸ்டர் சிலிண்டர் பழுதாப் போயிட்டுது அத்தான்," என்றான் மைத்துனன். அதையும் மாற்ற ஆசை அவன் கண்ணில் தெரிந்தது.

அவள் இறங்கி வந்து சில்லடியில் குந்தினாள்.

"காத்து வெளிய வாற ஓட்டை எது?"

காட்டினேன். காலிப்பரின் அடியில் இருந்தது.

"ஊசியில காத்து நிண்டா ஊசியைக் கீழ பாக்கப் பிடிச்சோ எடுக்கிறது? காத்து மேலதானே நிக்கும். ஓட்டையை அடியில வச்சுக்கொண்டு என்னத்தை எடுக்கிறியள் ரெண்டு பேரும்?"

மைத்துனன் நகத்தால் பெயின்டைச் சுரண்டினான். சோக்கு எப்போதோ போய்விட்டது. இரும்பில் வார்த்திருந்த அடையாளமும் எங்கள் மூன்று பூச்சுக்கு அடியில் கிடந்தது. வலப்பக்கத்துக்கானது இடப்பக்கத்தில்.

"மாறிப் பூட்டிட்டம் அத்தான்."

"குரூப்பில போடடா அதையும்," என்றாள் அவன் அக்காள்.

கழற்றி மாற்றிப் பூட்டினோம். நிப்பிள்கள் இப்போது மேலே. திறந்ததும் காற்று குமிழ் குமிழாய்க் கக்கிக்கொண்டு வந்தது. பிறகு பெடல் கல்லாய் நின்றது. மைத்துனன் முதுகில் தட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு லேசான பிழைக்கு மேலே உட்கார்ந்து, அவளை அந்தப் பள்ளத்தில் இறக்கினேனே.

தாயோடு சாப்பிட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"நான் பஸ்ஸில போறன். நீங்கள் ஓடிக்கொண்டு வாங்கோ."

ஓடினேன். ஒவ்வொரு சிக்னலிலும் கார் சொன்ன இடத்தில் நின்றது. பக்கத்து இருக்கை வெறுமையாய் இருந்தது. யாரும் இல்லாமல் நன்றாக நிற்கிற கார்.

வீட்டுக்கு வந்தபோது எங்கள் தூண்களுக்கு நடுவில் அந்தத் தேசிக்காய்கள் இன்னும் கிடந்தன. கறுத்து, பூஞ்சணம் பிடித்து, எறும்பு மொய்த்து. பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பஸ்ஸால் இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இப்ப சரியோ?"

"இப்ப சரி. போகேக்குள்ள சரியில்லை. எனக்குத் தெரியும்."

என்னை ஒரு கணம் பார்த்தாள். மன்னிப்பு மாதிரி ஒன்றும் அதில் இல்லை.

"அதுகளை அள்ளி எறியுங்கோ. நாறுது."

விளக்குமாறு தேடப் போகாமல் கையாலேயே அள்ளினேன்.