பால் குடுக்கப் போறம்

மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கழுத்தில் ஊசி. ஐசியூ கட்டிலில் என் மச்சாள் அப்படித்தான் கிடந்தாள். என் புருஷனுடைய அக்கா அவள். செங்கலடியில் எங்கள் இரண்டு வளவுக்கும் ஒரே வேலி. அந்த வேலிக்கு மேலால் நாங்கள் சண்டை பிடிக்காத நாள் குறைவு. என் மீன் ஆணத்தில் புளி கூடிவிட்டது என்று அந்தப் பக்கம் நின்று மணத்திலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கு. அந்த மூக்குக்குள்தான் குழாய் போட்டிருந்தார்கள்.

கரடியனாற்று வட்டைக்குள், வயல் சேற்றில் நின்று புல்லுப் பிடுங்கிவிட்டு வந்தவளுக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார் டொக்டர். சலம், மூத்திரம்தான், போவது நின்றது. உடம்பு ஊதி, விரலெல்லாம் மொந்தன் வாழைக்காய் மாதிரி ஆனது. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த மோதிரம் மாமியார் எனக்குத் தருவதாகச் சொன்னது. சரி, அது வேறு கதை.

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. வெளியே வாங்குப் பலகையில் இருப்பேன், எழும்புவேன், கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்ப்பேன், திரும்பவும் இருப்பேன். அவள் பட்டினியாகக் கிடக்கிறாளே என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டை ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை அவள். போதாக்குறைக்கு, தொங்கிக்கொண்டிருந்த சேலைனையும் குறைத்துவிட்டார்கள்.

உள்ளே ஓட்டமாவடிப் பிள்ளை ஒருத்தி தாதியாக நின்றாள். நாங்கள் மிஸ் என்போம்; அவள் என்னை உம்மா என்பாள். அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"மிஸ், சேலைனை ஏன் மகள் குறைச்ச? அவ ஒண்டும் தின்னாமக் கிடக்கா. அதாவது ஓடட்டுமே."

"உம்மா, சேலைன் சாப்பாடு இல்ல, உப்புத் தண்ணி. சலம் போகாத ஆளுக்கு ஊத்திக்கிட்டே இருந்தா அது எங்க போற? நெஞ்சுக்க நிறைஞ்சி மூச்ச அடைச்சிரும். வெளிய வாறதப் பாத்துத்தான் உள்ள விடலாம்."

அன்றைக்கு நான் பிள்ளையாரிடம் கேட்டது சலம். எத்தனையோ வரம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

பின்னேரம் அவளுக்கு பிரஷர் இறங்கிவிட்டது. டொக்டர்மார் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். விடிந்ததும் அந்தப் பிள்ளை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"உம்மா, அவங்களுக்குப் பால் குடுக்கப் போறம்."

கதவு மூடிக்கொண்டது. எங்கள் ஊரில், ஆள் போகப் போகிறது என்றால்தானே சொந்தக்காரர் வந்து வாயில் பால் ஊற்றுவார்கள்! என் போனில் பேரன் எல்லோருடைய முகத்தையும் போட்டு வைத்திருக்கிறான். ஒரு முகம் விடாமல் அழுத்தினேன். "பால் குடுக்கப் போறாங்களாம், வாங்க" என்று சொல்லி அழுதேன்.

ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள், வெள்ளை உடுத்துக்கொண்டு. பெரிய மாமா கையில் செம்பு. பசுப்பால் கறந்து கொண்டுவந்திருந்தார். சத்தம் கேட்டு அந்தப் பிள்ளை வெளியே வந்தாள்.

"என்ன இது கூட்டம்?"

"பால் ஊத்த வந்திருக்கம் மகள்" என்றார் மாமா.

"அதை நாங்க குடுத்திட்டமே!"

அவ்வளவுதான். பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குரல் எடுத்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை பயந்துபோய் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"ஏன் அழுறீங்க? பிரஷர் நேராகினபடியாத்தான் மூக்குக் குழாயால கொஞ்சம் கொஞ்சமாப் பால் தொடங்கின! குழாயால திருப்பி இழுத்துப் பாத்தன், வயித்தில தங்கல்ல, நல்லா இறங்கிட்டு. குடல் வேலை செய்யிது. சந்தோசப்படுங்க!"

சந்தோசப்படச் சொன்னால், பாதியில் நின்ற அழுகையை எங்கே கொண்டு வைப்பது? மாமா செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்னால நான் கண்டுக்குட்டிக்கும் பால் விடல்லகா" என்றார். ஊரில் சாவுப் பந்தலுக்குத் தென்னங்கிடுகு இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மறுபடி முகம் முகமாக அழுத்த வேண்டியிருந்தது.

பிறகு சலம் வந்தது. ஊதல் வடிந்து விரல் விரலானது. வாய்க் குழாயை எடுத்தார்கள். ஆனாலும் வாயால் ஒன்றும் கொடுக்க விடவில்லை. தொண்டை விழுங்க மறந்திருக்கும், வழி தவறி நெஞ்சுக்குள் போனால் திரும்பவும் குழாய்தான் என்றாள் அந்தப் பிள்ளை. ஒரு காலையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நாக்கில் துளித் தண்ணீர் தொட்டு வைத்து விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, கெட்டியாகக் கரைத்த பாலையும் ஒரு கரண்டியையும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க குடுங்க உம்மா. பழகின கை. நான் தொண்டையப் பாக்கன்."

அரைக் கரண்டிதான். மச்சாள் வாயைத் திறந்தாள். என் கையால், அவள் வாயில், பால். கை உதறத் தொடங்கிவிட்டது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே முடியவில்லை.

மச்சாள் என்னைப் பார்த்தாள். வான் நிறைய ஆள் வந்த கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். குரல் காகம் மாதிரி வந்தது.

"நடுங்காம ஊத்துகா. நான் போகல்ல."

ஊற்றினேன். அந்தப் பிள்ளை தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு நின்றாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமலுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். இருமல் வரவில்லை.

"பாலுக்குச் சீனி காணா" என்றாள் மச்சாள்.