பஜ்ஜி எண்ணெயில் மண்டபம் போனவர்

டிஸ்பென்சர் வேலாயுதம் காலமான செய்தியை அவருடைய தங்கை மகள் வசந்திதான் போனில் சொன்னாள். “மாமா காலைல எந்திரிக்கலீங்க. தூக்கத்துலயே போயிட்டாருங்க. அம்மா பக்கத்துலதான் படுத்திருந்தாங்க” என்றாள். அழுகை வரும் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது நிம்மதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், தங்கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கண்ணை மூடினார். அவர் சாவுக்குப் பயந்தவர் அல்ல. தன் மனிதர்கள் யாரும் இல்லாத இடத்தில் சாவதற்குத்தான் பயந்தார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர் அவர். தாயகம் திரும்புவதற்கான காகிதம் அங்கே ஒரே வீட்டில் ஒருவருக்கு முன்னாலும் இன்னொருவருக்குப் பின்னாலும் வந்தது. பிள்ளைகள் கப்பலேறிப் போன பின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாகக் கிடந்த கிழவர்களுக்குக் கடைசி மருந்து கொடுத்தவர் இவர்தான். “பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லாம போனாங்க முதலாளி. கண்ண மூடி விட்டது நான்தானே” என்பார். பிறகு அவருக்கும் காகிதம் வந்தது. அவருக்கிருந்த ஒரே உறவான தங்கை காமாட்சிக்கும் அவள் குடும்பத்துக்கும் வரவில்லை. இவர் மட்டும் வந்து, கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஊர் அவரைக் கம்பவுண்டர் என்றது. “டிஸ்பென்சர்” என்று அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். சளைக்கவே மாட்டார்.

நான் அன்னூர்க்காரன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். அடுப்பு மூட்டுவதும் நான், எச்சில் இலை எடுப்பதும் நான். அவர் மட்டும் என்னை “முதலாளி” என்று கூப்பிட்டார். கேலி செய்கிறார் என்று முதலில் கோபித்துக்கொண்டேன். அவர்கள் ஊரில் கடை வைத்திருப்பவன் யாராயிருந்தாலும் முதலாளிதானாம்.

ஒரு நாள் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு என் பஜ்ஜிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஞ்சிற எண்ணெய என்னா செய்யிறீங்க முதலாளி?”

“சாக்கடையில ஊத்தறனுங்க. எதுக்குங்க கேக்கறீங்க?”

“ஊத்தாதீங்க. ஒங்க காருக்கு வேணும்.”

டீசலுக்கு ஆலாய்ப் பறந்த காலம் அது. பஸ்களே பாதிதான் ஓடின. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு கோயமுத்தூரில் டீசல் இன்ஜின் மாட்டிய பழைய கார் ஒன்று என்னிடம் இருந்தது. காய்கறி ஏற்ற வாங்கியது. தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. அவருக்கு அது வேண்டியிருந்த காரணம் வேறு. காமாட்சியின் குடும்பம் எப்போது வேண்டுமானாலும் கப்பலில் வந்து இறங்கலாம். இறங்கியவர்களை மண்டபம் முகாமில் வைத்து, யார் எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். சிலர் நீலகிரிக்கு, சிலர் ஆந்திரப் பக்கத்து ஆலைகளுக்கு. இங்கே வேலை இருக்கிறது என்ற எஸ்டேட் கடிதத்தோடு இவர் நேரில் போய் நிற்காவிட்டால், தங்கை வேறெங்கோ போய்விடுவாள். பஸ்ஸை நம்பிப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது.

“ஓடாதுங்க” என்றேன் நான். “இன்ஜின் கெட்டுப்போச்சுன்னா?” என்றேன். மறுநாள் அவர் மருந்து வடிகட்டும் துணியோடு வந்து நின்றார். என்னால் என்ன செய்ய முடியும், சாவியைக் கொடுத்தேன்.

அவர் பெரிய மேதை என்று யாரும் நினைக்க வேண்டாம். செய்ததில் பாதி கோணலாகத்தான் முடிந்தது. என் கடை எண்ணெய் போதாமல், கூடலூரில் ஒரு மலையாளியின் சிப்ஸ் கடையிலிருந்து தேங்காயெண்ணெய் வாங்கி வந்தார். கடலை எண்ணெயைவிட அது சுத்தமாம். மகிழ்ச்சியாகக் காரை எடுத்துக்கொண்டு கோடநாடு வரை போனோம். காட்சிமுனையில் நிறுத்திவிட்டுப் பனியில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து கிளப்பினால் கார் அசையவில்லை. குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் மெழுகாக உறைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் சத்தம் போட்டேன். “ஏனுங்க, தலைக்கு வெக்கிற எண்ணெயவே நாங்க அடுப்புப் பக்கத்துல வெச்சிருக்கறமுங்க. அதக் கொண்டாந்து காருக்கு ஊத்துவாங்களாங்க?”

அவர் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்க தோட்டம் வெக்கையான பக்கம் முதலாளி. அங்க தேங்காயெண்ணெய் உறைஞ்சு நான் கண்டதே இல்ல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பக்கத்துத் தோட்டத்துப் படகர் வீட்டில் வெந்நீர் வாங்கி ஊற்றி ஊர் வந்து சேர்ந்தோம்.

பிறகு கடலை எண்ணெய் மட்டும்தான். அடியில் கடலைமாவு தங்கும்வரை தெளியவிட்டு, துணியில் வடிகட்டுவார். டிக்கியில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்தார். ரேடியேட்டரின் சுடுதண்ணீர் போகும் செப்புக் குழாயை அதற்குள் சுற்றிவிட்டார். டீசலில் கிளப்பி, சூடேறியதும் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஓடியது. கோத்தகிரி மேட்டில் முக்கி முனகி ஓடியது, ஆனால் ஓடியது. புகையில் பஜ்ஜி வாசனை வந்து, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பசி எடுத்தது.

மண்டபத்திலிருந்து தந்தி வந்தது. காமாட்சியின் குடும்பம் வந்துவிட்டது. ஆந்திரா போகிறவர்களின் பட்டியலில் இருக்கிறது. மறுநாள் விடிவதற்கு முன் அவரும் நானும் கிளம்பினோம். என் காரைத் தனியாக விட எனக்கு மனமில்லை என்றுதான் நானும் ஏறினேன். தாராபுரத்தில் அவரைச் சாப்பிடச் சொன்னேன், சாப்பிடவில்லை. மதுரை தாண்டியதும், “நாம போறதுக்குள்ள ஏத்தி அனுப்பிட்டாங்கன்னா, அவ எந்த ஊர்னு நான் யார்கிட்ட கேக்கிறது முதலாளி?” என்றார்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கப்பலில் வந்தவர்களால் முகாம் நிறைந்திருந்தது. எங்கே பார்த்தாலும் டிரங்குப் பெட்டி, மூட்டை, மனிதர்கள். காமாட்சி என்று கேட்டால் எத்தனையோ காமாட்சி. இவர் இங்கும் அங்கும் ஓடி, முகம் வெளிறித் திரும்பி வந்தார். அதற்குள் காரைச் சுற்றிக் குழந்தைகள் கூடியிருந்தார்கள். “பஜ்ஜி எங்க? பஜ்ஜி எங்க?” என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். காருக்குள் ஒரு துண்டு பஜ்ஜி இல்லை. கடைக்காரன் நான், எனக்கு மானம் போனது. வாசல் கடைக்குப் போய் இருந்த பன் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு பழக்கம்: பேரும் ஊரும் கேட்காமல் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார். மருந்துக்கு நிற்கும் வரிசையில் கேட்பதைப் போலவே ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டார். “பேர் என்னா? எந்தத் தோட்டம்? அம்மா பேர் என்னா?” எனக்குப் பொறுமை போய்விட்டது. “கொடுத்து முடிங்க, தேடோணுமுங்க” என்றேன். அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

மூக்கு ஒழுகிய ஒரு சிறு பெண், “வசந்தி” என்றாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அது இவருடைய தோட்டம். “அம்மா பேரு காமாச்சி” என்றாள்.

இவர் கப்பலேறும்போது கைக்குழந்தையாக இருந்தவள் அவள். அடையாளம் தெரியவில்லை. பன்னை அவள் கையில் கொடுத்துவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அம்மாவக் கூட்டிட்டு வா சாமி” என்று நான்தான் சொன்னேன்.

காமாட்சி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். கிட்டே வந்து, “ஏன் அண்ணே இப்படி மெலிஞ்சு போன?” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அலுவலகத்தில் ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு, நல்ல மனதோடு அவர்கள் பெயரை ஆந்திரப் பட்டியலிலிருந்து எடுத்து நீலகிரிக்கு மாற்றினார். முகாமின் நடைமுறைகள் முடிந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறினோம். மடியில் பிள்ளைகள், மேலே டிரங்குப் பெட்டி. கார் அழுதுகொண்டே ஏறியது.

மறுநாள் காலையில் கார் கிளம்பவில்லை. நிறுத்துவதற்கு முன் டீசலுக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் குளிரில் எண்ணெய் குழாயில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். என்னை ஒவ்வொரு முறையும் அதட்டி நினைவூட்டும் மனிதர், அன்று தானே மறந்திருந்தார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் வீட்டுக்கே போய்த் திட்டினேன்.

அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “நிக்கட்டும் முதலாளி” என்றார். “எல்லாரும் வந்தாச்சு. இனி எங்கயும் போகத் தேவையில்லதானே.”

கடையை மூடி வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கார் போன இடம் தெரியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காலைக் குரலை மட்டும்தான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிராத வேலாயுதத்தின் குரலை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.