சிவப்புத் தொப்பிக்காரர் மீது ஒரு முறைப்பாடு

சவிரிமுத்து அண்ணைக்காக நான் ஏழு முறைப்பாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒன்று, டிசம்பர் பிறந்ததும். ஏழும் ஒரே ஆளைப் பற்றியவை. அந்த ஆளின் பெயர் தெரியாது, முகமும் மறந்துபோயிற்று. செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சின்ன ரயில் சந்தியில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றவர் என்பது மட்டும் தெரியும். அந்த நாட்டு ரயில்வேயிடமிருந்து ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. வரும் என்று நான் நினைக்கவுமில்லை.

நாங்கள் இரண்டு பேரும் லண்டனில் விம்பிள்டன் ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கிற வேலை. அண்ணை மன்னார் ஆள், தலைமன்னார் ரயில் லைனில் கார்டாக இருந்தவர். இங்கிலீஷ் பேசுவார், எழுத வராது. அதற்குத்தான் நான்.

1986 டிசம்பரில் அவரும் தம்பி சூசைதாசனும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜன்சிக்காரனை நம்பி அந்த நாட்டு வழியாக வந்தார்கள். எல்லைப் பட்டினம் ஒன்றுக்குப் போகிற கிளை லைனில் ஏற்றிவிட்டான். பிற்பாடு அண்ணை நூலகத்தில் தடித்த நேர அட்டவணைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு அந்த லைனைக் கரைத்துக் குடித்தார். அரசர் காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலைக்காகவும் மரம் ஏற்றவும் போட்ட ஒற்றைத் தண்டவாளம். பிறகு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். நாளுக்கு ஒன்பது வண்டி. தனித்தனியே டீசலில் ஓடக்கூடிய சிவப்புப் பெட்டிகள் இரண்டைக் கொழுவிக்கொண்டு வந்து, காட்டுக்குள் இருக்கிற சந்தியில் கழற்றுவார்கள். முன்பெட்டி மலைப்பக்கம் போகும், பின்பெட்டி எல்லைப் பட்டினத்துக்கு.

“எங்கட மதவாச்சிச் சந்தியிலை பெட்டி கழட்டிற மாதிரித்தான் தம்பி,” என்பார். யாருக்கும் உதவாத அறிவு. எனக்கும் சேர்த்து ஊட்டினார்.

சேர்ந்து இருக்கவேண்டாம் என்று ஏஜன்சிக்காரன் சொல்லியிருந்ததால் அன்று அண்ணை முன்பெட்டியில், தம்பி பின்பெட்டியில். சந்தியில் பெட்டி கழற்றுகிற சத்தம் கேட்டதும் அண்ணை இறங்கி ஓடினார். சிவப்புத் தொப்பிக்காரரிடம் ஊர்ப்பெயர் எழுதிய துண்டைக் காட்டி, பின்பெட்டியைக் கைகாட்டி, இது போகுமா என்று கேட்டார். அந்த ஆள் “நோ, நோ” என்றார். தம்பி இறங்கி முன்பெட்டிக்கு மாறினான். அவன் விட்டுவந்த பையை எடுக்க அண்ணை பின்பெட்டிக்குள் ஏறினார். அதற்குள் முன்பெட்டி புறப்பட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்பெட்டியும் அசைந்து, நேரே எல்லைப் பட்டினத்துக்கே போய்ச் சேர்ந்தது. தம்பி அடுத்த வண்டியில் வருவான் என்று அங்கே காத்திருந்த ஏஜன்சி ஆள் சொன்னதை நம்பி அண்ணை எல்லை கடந்தார்.

சூசைதாசனை மலையடிவார ஸ்டேஷனில் பொலிஸ் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பியது. மன்னாரில் மனைவியோடு மூன்று மாதம் இருந்தான். ஒரு சுற்றிவளைப்பில் ராணுவம் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவன் மனைவி இம்மாகுலேற் 1991இல் லண்டனில் நோர்பரிக்கு வந்தார். ஞாயிறுதோறும் பூசை முடிய அண்ணை அங்கே போவார். “தொப்பிக்காரன்தான் பிள்ளை அவனை இறக்கி மற்றப் பெட்டியிலை ஏத்தினவன். நாசமாப் போவான்,” என்பார். இம்மாகுலேற் தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

1994இல் எங்கள் ஸ்டேஷன் கோப்பிக் கடைக்கு யானா என்றொரு செக் பெண் வேலைக்கு வந்தாள். ஒருநாள் தொலைபேசியில் சிரித்துச் சிரித்து, தலையை ஆட்டி ஆட்டி, “நோ, நோ, நோ” என்றாள். ஆருக்கு இவ்வளவு மறுப்பு என்று அண்ணை கேட்டார்.

“அம்மாவுக்கு. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வாறியா என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்,” என்றாள்.

“நீ நோ எண்டல்லோ சொன்னனீ?”

“எங்கள் பேச்சில் ‘நோ’ என்றால் ஓம்தான்.”

நான் பெரிதாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணை சாமான் வண்டியில் குந்திவிட்டார்.

“அந்த மனுசன் தலையாட்டினவன் தம்பி. நான் வாயைத்தான் கேட்டனான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவன் ஒருத்தரையும் இறக்கேல்லை. நான்தான் சூசைதாசனை முதுகிலை கைவைச்சுத் தள்ளினனான். இம்மாகுலேற்றுக்குச் சொல்லவேணும். நீயும் வா, தனியப் போக ஏலாது.”

அந்த ஞாயிறு போனோம். சேர்ட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அடுப்பில் கொதிக்கிற கேத்திலை இம்மாகுலேற் நிறுத்திவிட்டு வந்து முன்னால் இருந்தார்.

“தெரியும் அத்தான்.”

“என்ன தெரியும்?”

“பெட்டிப் பக்கத்திலை ஊர்ப் பேர் எழுதின பலகை தொங்கினதாம். உங்கடை துண்டிலை இருந்த அதே எழுத்து. உங்கடை தம்பி பாத்தவராம். சரியான பெட்டியிலைதான் இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும்.”

“பிறகு ஏன் இறங்கினவன்?”

“அண்ணை ரயில்வேக்காரன், அவருக்குத் தெரியாததோ எண்டு இறங்கினவராம்.”

“வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை!”

“உங்களுக்கு முன்னாலை அவர் எப்ப அத்தான் வாய் திறந்தவர்?”

அண்ணை அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஏங்கி ஏங்கி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு இம்மாகுலேற்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடமும் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அவர் சத்தியம் வாங்கினவர்,” என்று அண்ணையைப் பார்த்தே பதில் சொன்னார். “உங்களுக்கும் திட்ட ஒரு ஆள் இருந்தால் நல்லம் எண்டு விட்டிட்டன்.”

எட்டாவது கடிதம் எழுதவில்லை. விம்பிள்டனிலிருந்து வெஸ்ட் குறோய்டனுக்கு அப்போது இரண்டு பெட்டியோடு ஒரு சின்ன வண்டி ஓடியது. 1997இல் அந்த லைனை மூடும்வரை அண்ணை அந்தப் பிளாட்பாரத்தையே கேட்டு வாங்கி நின்றார். இது குறோய்டன் போகுமா என்று யாராவது கேட்டால் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். கூட்டிக்கொண்டுபோய்ப் பலகையில் ஊர்ப்பெயரை விரலால் தொட்டுக் காட்டி, அவர்களே வாசித்து ஏறும்வரை பக்கத்தில் நிற்பார். யாருடைய முதுகிலும் கை வைக்கமாட்டார்.